சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை மரத்தில் வெட்டியது

கொழும்புப் புறக்கோட்டையின் பழைய கட்டடங்களைப் படமாக்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்கிற வேலை வயர்களை அழிப்பதுதான். மின்சார வயர், கேபிள் டீவி வயர், பெயர்ப் பலகை, ஏசிப் பெட்டி எல்லாம் போய், கட்டடம் மட்டும் தபாலட்டையில் போல நிற்கும். பலகையில் உளியால் வெட்டி, மை தடவித் தாளில் அச்சடிக்கிற இந்த மரவெட்டில் வயர்களை விட்டுவைப்பது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன். அந்த ஒரு தீர்மானம் பலகையின் நாரோட்டம், உளி, மை, அச்சடிக்கும் மாதம் வரைக்கும் எல்லாவற்றையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

கட்டடம் இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிற ஜாமிஉல் அல்ஃபார். சம்மாங்கோட்டுப் பள்ளி என்று கேட்டால்தான் புறக்கோட்டையில் உடனே வழி காட்டுவார்கள். சிங்களத்தில் ‘ரத்து பல்லிய’, சிவப்புப் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது. அந்தப் பக்கம் வியாபாரம் செய்த இந்திய முஸ்லிம்கள் கட்டுவித்தார்கள். வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. முறையாகக் கட்டடக்கலை படித்தவரல்ல. தென்னிந்திய வியாபாரிகள் கொண்டுவந்து காட்டிய இந்தோ சரசனிக் (இந்திய, இஸ்லாமியப் பாணிகள் கலந்த) கட்டடப் படங்களையும் விபரங்களையும் வைத்துக்கொண்டே இதைக் கீறினார் என்பது பள்ளிவாசலின் வரலாறு. சிவப்பும் வெள்ளையுமாகப் படுக்கைக் கோடு, சதுரக் கட்டம், தூண்களில் சுருள், உச்சியில் மாதுளம்பழக் குவிமாடங்கள். இரண்டே நிறம், கூர்மையான விளிம்பு, நடுவில் சாம்பல் என்று ஒன்றும் இல்லை. மரவெட்டுக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

சிக்கலும் அதில்தான் இருக்கிறது. உள்ள கோடு அத்தனையையும் உள்ளபடியே வெட்டினால் பார்ப்பவருக்குக் கண் சுற்றும். கட்டடத்தின் கனம் போய்விடும். எது கறுப்புப் பலகைக்கு, எது சிவப்புப் பலகைக்கு, எதை வெட்டியே எறிவது என்ற கணக்கு முடியும்வரை உளியைத் தொடவே கூடாது.

தெரு ஒடுக்கம். கீழே நின்று அண்ணாந்து படம் எடுத்தால் மினாராக்கள் எல்லாம் உச்சியில் ஒன்றோடொன்று சேரப் போவதுபோல உள்நோக்கிச் சாயும். போயா (பூரணை விடுமுறை) நாளில் தெரு காலியாக இருக்கும், ஆனால் கடைகளும் பூட்டு, மாடி கிடைக்காது. ஆகவே சாதாரண வேலை நாளில், சுமை தூக்குகிற நாட்டாமைமாரின் கைவண்டிகளுக்கு இடம் விட்டு விட்டு நடந்து, எதிர்ப்பக்கத் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் கேட்டு இடம் பிடித்தேன். பொதிகளுக்கு நடுவே ஒரு ஜன்னல். அங்கிருந்து குவிமாடங்கள் கண்மட்டத்துக்குக் கிட்ட வந்துவிடுகின்றன, செங்குத்துகள் நேராக நிற்கின்றன, வயர்களோ முகத்துக்கு முன்னால் குறுக்கே ஓடுகின்றன.

கடைக்கார நானா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, வயரையும் சேத்தா கீறுறீங்க?”

“ஓம் நானா. இருக்கிறதைத்தானே கீறணும்.”

“அப்ப எங்கட போர்டையும் போடுங்க. அதும் இருக்கிறதுதானே.”

போட்டேன். அதைப் பற்றிப் பிறகு.

1975இல் பக்கத்து இடங்களை வாங்கி விரிவாக்கத் தொடங்கிய புதிய பகுதியைப் படத்தில் சேர்க்கவில்லை. பழைய முகப்பு, மணிக்கூட்டுக் கோபுரம், இடப்பக்கத்துத் தூண் வரிசை, கீழே கடைக்கூரைகளின் நிழல், இவ்வளவுதான் சட்டத்துக்குள். அளவு 30 சென்றிமீற்றர் அகலம், 42 சென்றிமீற்றர் உயரம்.

இனி வயர் விடயத்துக்கு வருவோம். மரவெட்டில் வெட்டி எடுத்த இடம் தாளில் வெள்ளை. விட்டுவைத்த மேடுதான் மை வாங்கும். கறுப்புப் பரப்பில் ஒரு வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் உளியை ஒரு தரம் ஓட்டினால் போதும். வெள்ளைப் பரப்பில் ஒரு கறுப்புக் கோடு வேண்டுமென்றால் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் உள்ள மரம் முழுவதையும் அகற்ற வேண்டும். முதலாவதுக்கு ஒரு நொடி, இரண்டாவதுக்கு ஒரு பின்னேரம். பள்ளிவாசலின் முகப்புக்கு முன்னால் ஓடும் வயர் சிவப்பு வெள்ளைக் கோடுகளின் மேல் கறுப்பாகத்தான் தெரிகிறது. ஆக, கறுப்புப் பலகையில் முகப்புப் பகுதியெல்லாம் குழியாகிவிட, அரை மில்லிமீற்றர் தடிப்பில் வயர்கள் மட்டும் வரப்பு மாதிரித் தனியே நிற்க வேண்டும். அதே வயர் கடைக்கூரை நிழலுக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழ். அங்கே சுற்றிலும் கறுப்பு. வயரை வெட்டித்தான் காட்ட முடியும்.

மெல்லிய மேடு ஒன்று நாரோட்டத்தோடு போனால் பலமாக நிற்கும். நாருக்குக் குறுக்கே போனால் உளியின் ஓர் இடியிலேயே துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். நிமிர்ந்த படத்துக்கு நிமிர்ந்த நார் என்பதுதான் பலகை வாங்கப் போகிறவருக்கு முதலில் தோன்றும். இங்கே வயர்கள் படுக்கையாக ஓடுகின்றன, ஆகவே நாரும் படுக்கையாக ஓட வேண்டும். மினாராக்களின் ஓரங்கள் நாருக்குக் குறுக்கே வந்தாலும் பரவாயில்லை. அவை தடித்த பரப்புகளின் விளிம்பு, உடையாது.

பலகை விற்கிற இடத்துக்குக் கொழும்பில் பஞ்சமில்லை. ஆமர் வீதிப் பக்கம் மரக்கடைகள், பழைய சோனகத் தெருவில் உளியும் சாணைக்கல்லும். எந்த மரம் என்பதில்தான் கவனம் வேண்டும். தேக்கு வேண்டாம், எண்ணெய்ப் பிடிப்பு, நாரும் கரடு. பலா உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அல்பீசியா மலிவு, ஆனால் விளிம்பு பஞ்சாகப் பிய்யும். எனக்குச் சரிவந்தது கினிசப்பு. மென்மை, நார் நெருக்கம், உளி போன விளிம்பு பளிச்சென்று நிற்கும். தளபாடக்காரர்கள் நிறையப் பாவிக்கிற மரம் என்பதால் காய்ந்த பலகை கிடைப்பதும் சுலபம்.

தச்சுப் பாஸிடம் 42 சென்றிமீற்றர் குறுக்கு அகலம் வேண்டும், நார் 30 பக்கமாக ஓட வேண்டும் என்றேன்.

“அவ்வளவு அகலத்தில் ஒரே பலகை எடுத்தா கிண்ணம் மாதிரி வளையும். மூன்று துண்டு ஒட்டித் தாறன், சரியா? பூவைப் பார்த்து மாத்தி மாத்தி வைக்கிறன்.”

அறுத்த முனையில் தெரியும் ஆண்டு வளையத்தைத்தான் அவர் பூ என்கிறார். ஒன்றின் வளைவு மேலே பார்த்தால் அடுத்ததன் வளைவு கீழே பார்க்கும்படி ஒட்டினால் மொத்தப் பலகையும் ஒரே பக்கம் வளையாது. ஒட்டுக்கோடு அச்சில் தெரியுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. இழைத்து, மெல்லிய உப்புத்தாள் போட்டு, இரண்டு பக்கமும் அரக்குப் பொலிஷ் ஒரு பூச்சுப் பூசியபிறகு ஒட்டு எங்கே என்று விரல்நகத்துக்கே தெரியவில்லை. அரக்கு பூசுவதில் இன்னொரு நன்மை: மர மேற்பரப்பு இறுகி விளிம்பு கூர்மையாக வெட்டும், ஈரமும் மெதுவாகத்தான் ஏறும்.

பலகைகளை இணைத்துப் பெரிய படம் வெட்டுவது ஒன்றும் புதிதல்ல. 1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்ற சஞ்சிகைகள் சித்திரங்களை அப்படித்தான் அச்சிட்டன. அவர்கள் பாவித்தது பொக்ஸ்வூட் என்ற இறுகிய மரத்தின் அறுத்த முனை. அந்த மரம் பருத்து வளராது, ஆகவே சின்னச் சின்னக் கட்டைகளைத் திருகாணி போட்டு இணைப்பார்கள்; அவசரமென்றால் கழற்றி ஆளுக்கொரு துண்டு வெட்டக் கொடுப்பார்கள். அந்தக் காலத்து அச்சுப்படங்கள் சிலவற்றில் வானத்தைக் கிழித்துக்கொண்டு நேர்கோடாக ஒரு வெள்ளை மயிரிழை ஓடுவதைப் பார்க்கலாம். கட்டைகள் சேர்ந்த இடம் அது.

உளிகளில் பெரிதாகச் செலவழிக்கவில்லை. ஒரு சாய்முனைக் கத்தி, ஒரு வீ உளி, வெவ்வேறு அகலத்தில் இரண்டு நகவுளி (யூ வடிவ வாயுள்ள உளி). இவற்றோடு குடைக்கம்பி. பழைய பெரிய கறுப்புக் குடைகளின் விலாக் கம்பி வெட்டுமுகத்தில் யூ வடிவம். விரல் நீளத்துக்கு ஒரு துண்டை அறுத்து, வெளிப்பக்கத்தை மட்டும் சாணைக்கல்லில் சரிவாகத் தீட்டி, உள்பக்கத்துப் பிசிறை மடித்த உப்புத்தாளால் எடுத்து, மூங்கில் பிடியில் செருகினால் கடையில் கிடைக்காத அளவு மெல்லிய நகவுளி ஒன்று கையில். புறக்கோட்டையில் நடைபாதையில் குடை திருத்துகிறவர்களிடம் உடைந்த கம்பி கட்டுக்கட்டாகக் கிடக்கும், கேட்டால் தருவார்கள். கூர் சீக்கிரம் போகும்தான், ஆனால் மறுபடி தீட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? தோல் பட்டியில் நாலு இழுப்பு.

வயர் வரப்புகளைக் கத்தியால்தான் வெட்ட வேண்டும். கோட்டின் இரு பக்கமும் கத்தியை வெளிநோக்கிச் சாய்த்து இழுத்தால் மேடு அடியில் அகன்று மேலே ஒடுங்கி நிற்கும். நேராகக் குத்தி இழுத்தால் சுவர் செங்குத்தாகி, தேய்க்கிற அழுத்தத்தில் ஆடும். உள்நோக்கிச் சாய்ந்துவிட்டால் அடி அறுந்து கதை முடிந்தது. கத்தி வேலை முழுதும் முடிந்தபிறகே நகவுளியால் பள்ளத்தைத் தோண்டினேன், அதுவும் கோட்டுக்குக் கிட்ட நாரோட்டத்தோடு மட்டும். பலகைக்குக் கீழே ஒரு தடுப்புப் பலகையை மேசை விளிம்பில் கொளுவி வைத்திருந்தேன். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால். இதை யாரும் இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை, ஒரு தரம் கையில் ஏறினால் போதும்.

மினாராவின் படுக்கைக் கோடுகளுக்குக் கறுப்பு ஓரம் போடவே இல்லை. போட்டிருந்தால் சிறுவர்களின் நிறந்தீட்டும் கொப்பியாகியிருக்கும். கோடு, கட்டம், சுருள் எல்லாம் சிவப்புப் பலகையின் பொறுப்பு. கறுப்புப் பலகைக்கு நிழல், வளைவு ஜன்னல்களின் உட்குழிவு, குவிமாடத்தின் வரிவரியான பள்ளங்கள், கூரையோரம், வயர், பெயர்ப் பலகை. சிவப்பு வெள்ளைக் கோடு நிழலுக்குள் போகிற இடத்தில் கறுப்பால் மூடாமல் நெருக்கமான சாய்கோடுகள் மட்டும் போட்டேன். அதற்கூடாகக் கீழே கோடு ஓடுவது தெரியும். தூண்களில் சுருள் ஏறுகிற இடந்தான் இந்தப் படத்திலேயே எனக்குப் பிடித்தது. சுருளின் சாய்வு தூணின் விளிம்புக்கு வரும்போது சற்றே செங்குத்தாகத் திரும்ப வேண்டும். அந்தச் சின்னத் திருப்பம் இல்லாவிட்டால் தூண் உருளையாகத் தெரியாது, கோடு போட்ட பட்டியாகத்தான் தெரியும்.

நானாவின் போர்டு. அச்சில் எல்லாம் இடவலம் மாறும் என்பதால் மரத்தில் கண்ணாடி எழுத்து வெட்ட வேண்டும். வரைந்த மெல்லிய தாளைக் கவிழ்த்து ஒட்டினால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. மணிக்கூட்டின் முட்களும் அதோடு சேர்ந்து சரியாகத் திரும்பிவிடும். எழுத்துகளின் சுழிகள்தான் கஷ்டம். தமிழும் சிங்களமும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் வட்டம் வட்டமாக. எழுத்துயரம் ஆறு மில்லிமீற்றர். சுழிக்குள் உளி நுழையாது. பத்திரிகை அச்சகமொன்றில் அச்சு இயந்திரம் ஓட்டுகிற மெஷின் மைண்டராக இருந்து ஓய்வுபெற்ற அயல்வீட்டு ஐயா பார்த்துவிட்டு, “மை கூடினா கண் மூடிடும் தம்பி, முதல்லயே கண்ணைப் பெரிசாத் திறந்து வையும்” என்றார். முனை மழுங்கிய சிறிய ஆணியைச் சுழியின் நடுவில் வைத்து ஒரு தட்டு. மரம் அமுங்கிக் குழியாகிறது, சுவர் உடைவதில்லை. எல்லாச் சுழியும் அப்படித்தான் திறந்தன. ஆங்கில வரியை மட்டும் கோடுகளாகவே விட்டுவிட்டேன். அந்தத் தூரத்தில் அது வாசிக்கப்படுவதில்லை.

கறுப்புப் பலகை முடிந்ததும் அதிலிருந்து ஒரு பிரதியை ஓஎச்பி தாளில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) எடுத்து, மை காய்வதற்குள் சிவப்புப் பலகையில் கவிழ்த்துத் தேய்த்தேன். தாள் மாதிரி அது நீளாது, சுருங்காது. ஆகவே இரண்டு பலகையும் மயிரிழை பிசகாமல் பொருந்தும். சிவப்புக்கு ஆறு மில்லிமீற்றர் பிளைவுட், அதுவும் மேல்நார் படுக்கையாக, ஏனென்றால் அந்தக் கோடுகள் எல்லாம் படுக்கை. கறுப்பு வருகிற இடத்துக்குக் கீழே சிவப்பை ஒரு மில்லிமீற்றர் உள்ளே ஓடவிட்டேன், சற்று விலகினாலும் வெள்ளை இடுக்குத் தெரியாமல் இருக்க. நிழலுக்குள் போகிற வயரைச் சிவப்புப் பலகையில் வெட்டாமல் விட்டேன். ஆக, முகப்பில் கறுப்பாக வருகிற வயர் கடைக்கூரை நிழலில் சிவப்பாக நீள்கிறது. முழு வெள்ளையாக விட்டிருந்தால் இருட்டில் கீறல் விழுந்ததுபோல இருந்திருக்கும்.

தாளைப் பொருத்த ஜப்பான்காரரின் முறைதான்: பலகையின் ஒரு மூலையில் எல் வடிவப் பள்ளம், அதே பக்கத்தில் தள்ளி ஒரு நேர்ப் பள்ளம். இரண்டு பலகையிலும் ஒரே இடத்தில். தாளின் மூலையை முதலாவதில் பதித்து, விளிம்பை இரண்டாவதில் தட்டிவிட்டால் ஒவ்வொரு தாளும் அதே இடத்தில் உட்காரும்.

கொழும்பில் இதற்கு ஓர் எதிரி உண்டு, காற்றின் ஈரம். மரம் நாரோட்டத்தின் நீளத்தில் அநேகமாக நகராது, குறுக்கேதான் ஊதும். 42 சென்றிமீற்றர் குறுக்குள்ள பலகையில் மரத்தின் ஈரம் 1 சதவீதம் கூடினாலே அரை மில்லிமீற்றருக்கு மேல் விரியலாம். பிளைவுட்டில் தகடுகள் மாறி மாறி ஒட்டப்பட்டிருப்பதால் அது அசைவது மிகக் குறைவு. ஒன்று ஊதும், மற்றது ஊதாது. மாதுளை ஒரு பக்கம், அதன் நிழல் ஒரு பக்கம். ஆகவே ஒக்டோபர், நவம்பர் மழையில் வெட்டு வேலை மட்டும். அச்சு பெப்ரவரியில். பொருத்துப் பள்ளங்களைப் படத்தின் அடிப்பக்கத்தில் வைத்தேன்; பிசகு வந்தாலும் போர்டு எழுத்து இருக்கிற கீழ்ப்பகுதியில் குறைவாகவும், வானத்துப் பக்கம் கூடவும் வரும். வானத்தில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

மை சாதாரண ஓஃப்செட் மை. இறக்குமதி செய்த கலைஞர் மைக்குக் கொடுக்கிற காசில் இதைப் பல மடங்கு வாங்கலாம். தகரத்திலிருந்து எடுத்தவுடன் இறுக்கமாக, தாளைப் பிய்க்கிற பசையோடு இருக்கும். கத்தியால் கண்ணாடியில் குழைத்து, சில துளி ஆளிவிதை எண்ணெய் விட்டால் இளகும். செங்கல் நிறம் வருவதற்குச் சிவப்போடு மஞ்சள் கொஞ்சம், கறுப்பு ஊசிமுனை அளவு. ரோலரை ஓட்டும்போது காதையும் கொடுக்க வேண்டும்: சூடான தாச்சியில் கடுகு பொரிகிற மாதிரி மெல்லிய ஒரே சீரான சத்தம் வந்தால் மை சரி. சளக் சளக் என்று ஒட்டினால் கூடிவிட்டது, சுழிகள் மூடும்.

அச்சு இயந்திரம் எதுவும் இல்லை. மெல்லிய கைக்காகிதத்தைப் பலகையில் பரத்தி, சிரட்டை அகப்பையின் பின்பக்கத்தால் தேய்த்தேன். அகப்பையின் வளைவு ஒரு நேரத்தில் சின்ன இடத்தைத்தான் தொடும், ஆகவே உடம்புப் பலம் குறைவாகவே போதும். தாளின் பின்பக்கமாக மை ஊறித் தெரிவதைப் பார்த்தே எங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். வயர்கள் தனியே நிற்கிற பகுதியில் நாரோட்டத்தோடு மட்டும் தேய்த்தேன், குறுக்கே தேய்த்தால் தாள் பள்ளத்துக்குள் தொய்ந்து அழுக்குப் பிடிக்கும்.

சிவப்பு முதலில். அது கையில் ஒட்டாத அளவுக்கு வந்ததும் கறுப்பு. வாரக்கணக்கில் காயவிடக் கூடாது. ஓஃப்செட் மையின் மேல் ஒரு வழுக்கல் படலம் இறுகிவிட்டால் மேலே வருகிற கறுப்பு பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். காய வைப்பதற்கு அறைக்குள் குறுக்கே கயிறு, உடுப்புக் கிளிப், மின்விசிறி மிக மெதுவாக. பலகைகளை முதலில் தேங்காயெண்ணெயால் துடைத்து, பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு தரம்.

நல்லதாக வந்தவற்றுக்கு மட்டும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒன்றை நானாவிடம் கொண்டுபோனேன். முதலில் போர்டை வாசித்தார், பிறகு விரலால் வயரைத் தொடர்ந்து போனார். “இந்த வயர் எங்கட கடைக்கு வாறது. இது பக்கத்துக் கடைக்கு. இது எங்க போவுதென்டு இண்டைக்கி வரைக்கும் எனக்கே தெரியா” என்று சிரித்தார். குவிமாடங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதே இரண்டு பலகையிலிருந்து மை மாற்றி ஓர் இரவுப் பதிப்பும் எடுக்க எண்ணம். ஜப்பானிய மரவெட்டுக் கலைஞர் ஹிரோஷி யோஷிதா 1930களின் தொடக்கத்தில் தாஜ்மகாலை அப்படிச் செய்தார். ஒரே பலகைகள், பகல் நிறத்தில் ஒன்று, இரவு நிறத்தில் ஒன்று. சம்மாங்கோட்டுக்குச் சிவப்பை மங்கிய ஊதாவாக்கினால் போதுமா, தாளுக்கே ஒரு நிறம் கொடுக்க வேண்டுமா என்பதைச் சிறு துண்டில் அடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதற்கு முன் கொழும்பிலேயே இருக்கிற வுல்பெண்டால் தேவாலயத்துக்குப் பலகை சொல்லியாயிற்று. ஒல்லாந்தர் 1749இல் அத்திவாரம் இட்டு 1757இல் திறந்தது. தடித்த சுவர், சிலுவை வடிவத் தளம், வெறும் வெள்ளைச் சாந்து; கோடும் இல்லை, கட்டமும் இல்லை. அங்கே வெட்ட வேண்டியது சுவரில் விழுகிற மர நிழலைத்தான், வயர் குறைவு. ஆகவே இந்த முறை நார் நிமிர்ந்தே ஓடட்டும் என்று பாஸிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இரண்டு துண்டு போதும் என்கிறார்.